தோட்டத்து வழக்கு எந்தக் கோட்டுக்கு?

இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்தவருக்குக் கையெழுத்திட்ட ஒப்பந்தம் என்று ஒன்று பெரும்பாலும் இருந்ததில்லை. கங்காணி கூட்டிவந்த ஆளின் பெயர் செக்ரோல் என்ற தோட்டப் பதிவேட்டில் ஏறியதும் ஒப்பந்தம் முடிந்ததாகச் சட்டம் கொண்டது. இன்று வங்கிகளும் கம்பனிகளும் நியமனக் கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் ஒரு வாசகத்தை எழுதிவைக்கின்றன: பிணக்கு வந்தால் இன்ன நகரத்து நீதிமன்றத்தில் மட்டுமே வழக்காட வேண்டும். பிரத்தியேக நியாயாதிக்க வாசகம் என்று சட்டத்தரணிகள் சொல்லும் இந்த வரி, தோட்டத் தொழிலாளியின் வரலாற்றில் தேடினாலும் அகப்படாது. ஆனாலும் வழக்கு எங்கே நடக்க வேண்டும் என்பது பல தலைமுறைகளாகத் தொழிலாளியின் விருப்பத்துக்கு விடப்படவில்லை. 19ஆம் நூற்றாண்டில் கட்டளைச் சட்டங்களும் துண்டுச் சீட்டும் அதைத் தீர்மானித்தன. தொழிலாளி தானே போய்க் கதவைத் தட்டக்கூடிய ஒரு நியாய சபை 1957இல்தான் சட்டமாகியது.

பொதுவான சிவில் வழக்குகளுக்கு விதி தெளிவானது. 1889ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையின் 9ஆம் பிரிவு நான்கு இடங்களைச் சொல்கிறது: எதிராளி வசிக்கும் இடம், வழக்குக்குரிய காணி இருக்கும் இடம், வழக்கின் காரணம் எழுந்த இடம், ஒப்பந்தம் செய்யப்பட்ட இடம். இவற்றில் எந்த இடத்து நீதிமன்றத்துக்கும் வழக்காளி போகலாம். இயல்பில் அதிகாரம் இல்லாத நீதிமன்றத்துக்கு இரு தரப்பும் மனம் ஒத்தாலும் அதிகாரம் கொடுத்துவிட முடியாது. அதிகாரமுள்ள இரண்டு மூன்று நீதிமன்றங்களில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை ஒதுக்கலாமா என்பதே இத்தகைய வாசகங்களைச் சுற்றிய சண்டை. தோட்டத் தொழிலாளியின் பிரச்சினை இந்தச் சண்டைக்கு வெகு முன்னால் நின்றது. அவர் சிவில் நீதிமன்றத்தின் படியையே மிதிக்கவில்லை; ஒப்பந்த மீறலுக்காக அவர் கொண்டுபோய் நிறுத்தப்பட்ட இடம் குற்றவியல் நீதிமன்றம்.

மொரிஷியஸ், பீஜி, நாட்டால் ஆகிய இடங்களுக்குப் போன தமிழர் ஆண்டுக்கணக்கில் கட்டுப்படுத்தும் எழுத்து ஒப்பந்தத்தில் கைநாட்டு வைத்துக் கப்பலேறினர். இலங்கைக்கு வந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் அப்படி வரவில்லை. ஊர்க்காரரும் உறவுக்காரருமாக ஒரு கூட்டத்தைக் கங்காணி முன்பணம் கொடுத்துத் திரட்டிக் கூட்டிவந்தார். கோப்பித் தோட்டங்கள் கண்டிச் சீமையில் பரவிக்கொண்டிருந்த 1841இல், வேலையாட்கள் பற்றிய 5ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் வந்தது. அதைத் திருத்தித் தொகுத்த 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் அரை நூற்றாண்டுக்கு மேல் தோட்டங்களை ஆண்டது. வாய்மொழி ஒப்பந்தம் ஒரு மாதத்துக்கானது; முறைப்படி அறிவித்தல் கொடுக்காவிட்டால் மாதாமாதம் தானாகவே நீளும். அறிவித்தல் இன்றித் தோட்டத்தை விட்டுப் போனாலோ, வேலைக்கு வர மறுத்தாலோ, தோட்டத்தை நடத்தும் துரையை எதிர்த்துப் பேசினாலோ அது குற்றம். கூலியை இழப்பதோடு மூன்று மாதம் வரை கடுங்காவலும் கிடைக்கலாம். கூலி கொடுக்காத துரையையும் தண்டிக்க அதே சட்டத்தில் இடமிருந்தது. ஆனால் துரை மீது முறையிட வேண்டியவர், அறிவித்தல் இன்றித் தோட்டத்தை விட்டு நகர்ந்தாலே குற்றவாளியாகக் கூடிய தொழிலாளி. சட்டம் இரு தரப்புக்கும் சமமாக எழுதப்பட்டது என்று வாதிட்டவர்கள் இதைக் கணக்கில் எடுக்கவில்லை.

விசாரணை நடந்தது போலீஸ் நீதிமன்றத்தில். புகையிரதம் 1884இல் ஹட்டனையும் 1885இல் நானுஓயாவையும் எட்டியது. அதுவரை திம்புள்ள, டிக்கோயா, மஸ்கெலியாத் தோட்டங்களிலிருந்து நீதிமன்றம் போவதென்றால் மலைப்பாதையில் நாள் முழுக்க நடை. புகையிரதப் பாதை வந்த பிறகு ஹட்டன் ஒரு நிருவாக நகரமாக வளர்ந்தது. தோட்டங்களுக்கு அருகிலேயே நீதிமன்றமும் அமைந்தது. நீதிமன்றம் கிட்டே வந்ததால் யாருக்கு நன்மை என்று கேட்டால், பெரும்பாலும் துரைமாருக்குத்தான். ஓடிப்போன ஆள் மீது பிடியாணை வாங்குவது சுலபமாயிற்று. அந்தப் பிடியாணை வேறு மாவட்டத்துத் தோட்டம் வரை பின்தொடர்ந்து போகும். பிடிபட்டவர் கொண்டுவரப்படும் இடம், விட்டு ஓடிய தோட்டத்தின் பக்கத்து நீதிமன்றம். நீதவானும் துரையும் ஆங்கிலத்தில் பேசிக்கொண்டனர். பல இடங்களில் இருவரும் ஒரே கிளப்பின் உறுப்பினர்கள். குற்றம் சாட்டப்பட்டவர் சொன்னதை மொழிபெயர்ப்பாளர் எவ்வளவு சொன்னாரோ அவ்வளவுதான் பதிவாயிற்று.

நீதிமன்றத்துக்கு வராத வழக்குகளே அதிகம். அவை காலையில் வேலை பிரிக்கும் பெரட்டிலும், துரையின் ஆபீஸ் வாசலிலும், கொழுந்து நிறுக்கும் மடுவத்திலும் தீர்ந்தன. கொழுந்து குறைந்தால் கணக்கப்பிள்ளை அரைப் பேர் போடுவார்: நாள் முழுக்க மலையில் நின்றவருக்கு அரை நாள் கூலி. அரைக் கூலியைக் கழித்தது சரியா என்று கேட்க வேண்டுமானால் அதே கணக்கப்பிள்ளையிடம், அவருக்கு மேல் கண்டாக்கிடம், அவருக்கும் மேல் துரையிடம் கேட்க வேண்டும். மேன்முறையீடு அங்கே முடிந்துவிடும். அரைப் பேர் விவகாரம் எந்தச் சட்ட அறிக்கையிலும் தீர்ப்பாக வந்து நிற்பதில்லை. தோட்ட வாழ்வில் அன்றாடம் நடந்த ஒப்பந்தப் பிணக்கு அதுதான் என்பதால், தீர்ப்புத் தொகுதிகளை மட்டும் படித்து இந்த வரலாற்றை எழுதுகிறவர் பாதியைத் தவறவிடுவார்.

துண்டு இன்னொரு வகை. அது நீதிமன்றம் தராத ஆணை. ஆனால் நீதிமன்ற ஆணையை விட இறுக்கமாகக் கட்டியது. தொழிலாளி வந்த வழிச் செலவு, முன்பணம், அரிசிக் கடன் எல்லாம் கங்காணியின் கணக்கில் ஏறும். கங்காணியின் கடன் தோட்டத்தின் கணக்கில் ஏறும். கங்காணி தன் ஆட்களோடு வேறு தோட்டத்துக்குப் போக விரும்பினால், பழைய தோட்டத்துத் துரை ஒரு சிறு காகிதத்தில் எழுதிக் கொடுப்பார்: இன்ன கங்காணிக்கு இத்தனை ஆட்கள், அவர்கள் மேல் இவ்வளவு ரூபா கடன், இந்தத் தொகை கிடைத்தால் அவர்களை விடுவிக்கத் தயார். அந்தத் துண்டை எடுத்துக்கொண்டு கங்காணி தோட்டம் தோட்டமாகப் போவார். ஆள் தட்டுப்பாடான காலத்தில் கூடுதல் முன்பணத்தோடு துண்டை ஏற்கத் துரைமார் போட்டியிட்டனர். கடன் அப்படியே வளர்ந்து அடுத்த தோட்டத்துக்கு மாறியது. துண்டு இல்லாமல் வந்த ஆளை எடுத்தால், பிறர் ஆளைக் கவர்ந்த குற்றத்துக்குப் பக்கத்துத் தோட்டத்துத் துரை வழக்குப் போடலாம். இதில் எங்குமே தொழிலாளி ஒரு தரப்பாக நிற்கவில்லை. கடன் தன்னுடையதா, எவ்வளவு, எதற்கு என்று கேட்டு அவர் வழக்காட ஒரு மேடையும் இருக்கவில்லை. காகிதத்தில் அவர் ஒரு தலை எண்ணிக்கை.

கோப்பி நோயில் அழிந்து தேயிலை காலூன்றிய 1880களில் கூலி பாக்கி பெரிய விவகாரமாயிற்று. தோட்டங்கள் கடனில் மூழ்கிக் கைமாறின. மாதக்கணக்கில் கூலி நின்றது. 1889ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் இந்த அனுபவத்தில் பிறந்தது. தொழிலாளியின் கூலி தோட்டத்தின் மேலேயே முதல் பற்றாக நிற்கும் என்று அது விதித்தது. துரை ஓடிப்போனாலும், கம்பனி லண்டனில் இருந்தாலும், காணி இருக்கும் இடத்தில் உரிமை இருந்தது. கூலி அறுபது நாளுக்கு மேல் நிலுவையானால், அறிவித்தல் இல்லாமல் விலகிய தொழிலாளியை ஓடிப்போனவராகத் தண்டிக்க முடியாது என்றும் வந்தது. அக்காலச் சட்டங்களில் தொழிலாளியின் கையில் உண்மையாகவே ஏதோ கொடுத்தது இந்த ஏற்பாடு என்று சொல்லலாம். ஆனாலும் அதைப் பயன்படுத்த எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவர் துணை வேண்டும். தோட்டத்தில் அப்படிப்பட்டவர் கங்காணியும் கணக்கப்பிள்ளையும்தான்.

1921ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் துண்டைச் சட்டவிரோதமாக்கியது. ஒப்பந்த மீறலுக்குச் சிறை என்ற விதியும் 1920களின் தொடக்கத்தில் நீங்கியது. இந்த மாற்றங்களில் தோட்டக்காரர்களின் மனமாற்றத்துக்குப் பங்கு குறைவு. இந்தியாவில் குடிபெயர்வுக்கு எதிராக எழுந்த குரலும், தொழிலாளர் வரவைக் கட்டுப்படுத்தும் அதிகாரம் இந்திய அரசின் கையில் இருந்ததும் பெரும் காரணம். 1923ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இந்தியக் குடிபெயர் தொழிலாளர் கட்டுப்பாட்டாளர் என்ற பதவி உருவாயிற்று; அதே காலத்தில் இந்திய அரசின் முகவர் கண்டியில் அமர்ந்தார். நீதிமன்றத்துக்கு வெளியே முறைப்பாட்டைக் கொண்டுபோக முதல் தடவையாக ஓர் இடம் கிடைத்தது. முகவர் தீர்ப்புச் சொல்ல முடியாது. துரைக்கு எழுதலாம், கட்டுப்பாட்டாளருக்கு எழுதலாம், டெல்லிக்கு ஆண்டறிக்கை அனுப்பலாம். அந்த அறிக்கைகளே இன்று அக்காலத்துத் தோட்டப் பிணக்குகளை அறிய உதவும் நல்ல ஆதாரம். 1927இன் 27ஆம் இலக்கக் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வந்ததும், கூலியின் அளவு துரைக்கும் கங்காணிக்கும் இடையிலான பேச்சாக இல்லாமல் சட்டத்தின் பொருளாயிற்று.

கோ. நடேசையர் ஹட்டனைத் தளமாக்கி 1931இல் அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தைத் தொடங்கியபோது, சங்கத்தின் வேலையில் ஒரு பெரும் பங்கு விண்ணப்பம் எழுதுவதுதான். அதற்கு முன்னும் அவர் தம் பத்திரிகையிலும் துண்டுப் பிரசுரங்களிலும் தொழிலாளருக்குச் சட்டத்தை எளிய தமிழில் சொல்லிக்கொண்டிருந்தார். துரைமார் அவரைத் தோட்டத்துக்குள் விடவில்லை. தோட்டம் தனியார் காணி என்பதால், சங்கக்காரர் தொழிலாளர் வாழும் லயத்தில் காலடி வைத்தாலே அத்துமீறல் என்று வழக்குப் போட முடிந்தது. 1940 ஜனவரியில் ஹேவாஹெட்டைப் பகுதியின் முல்லோயாத் தோட்டத்தில் வேலைநிறுத்தத்தின்போது போலீஸ் சுட்டதில் கோவிந்தன் என்ற தொழிலாளி இறந்தார். அதற்காக அமைந்த விசாரணை ஆணைக்குழுவின் முன், தோட்டத் தொழிலாளர் தரப்பு சட்டத்தரணிகளோடு துணிந்து நின்று குறுக்கு விசாரணை செய்தது. ஹட்டன் போலீஸ் நீதிமன்றத்தில் குற்றவாளிக் கூண்டில் மட்டும் நின்று பழகிய சமூகத்துக்கு அது புதிய அனுபவம்.

அத்துமீறல் வழக்குதான் 1940களில் தோட்டத்துரைமாரின் முக்கிய ஆயுதம். வேலையிலிருந்து நீக்கப்பட்டவர் லயத்தறையை விட்டுப் போகாவிட்டால், சிவில் நீதிமன்றத்தில் வெளியேற்ற வழக்குப் போட ஆண்டுகள் ஆகும். அதைவிட நீதவான் நீதிமன்றத்தில் குற்றவியல் அத்துமீறல் என்று போடுவது விரைவு, மலிவு, சிறைத் தண்டனைக்கும் வாய்ப்பு. இப்படி ஒரு சிவில் பிணக்கு குற்றவியல் நீதிமன்றத்துக்கு மாறிப்போவது பழைய 1865 முறையின் இன்னொரு வேடம். கேகாலை மாவட்டத்தின் நேவ்ஸ்மயர் தோட்டத்தை அரசு எடுத்துக்கொண்டு தொழிலாளரை வெளியேறச் சொன்னபோது அவர்கள் நகர மறுத்தனர். 1946இல் அது பெரும் வேலைநிறுத்தத்துக்கு வழிவகுத்தது. அங்கிருந்து எழுந்த செல்வநாயகம் என்பவரின் வழக்கு லண்டன் வரை போயிற்று. நீதவான் குற்றவாளி என்றார். உயர் நீதிமன்றம் விடுவித்தது. முடிக்குரிய அரசு பிரிவிக் கவுன்சிலுக்கு மேன்முறையீடு செய்தது. நெடுங்காலம் வாழ்ந்த இடத்தில் குடும்பத்தோடு தங்கியிருக்க வேண்டும் என்பதே அந்த மனிதரின் முதன்மையான எண்ணம், காணிக்காரரைத் தொல்லைப்படுத்துவது அல்ல; ஆகவே அது குற்றமில்லை என்று 1950இல் பிரிவிக் கவுன்சில் தீர்த்தது. அவருக்கு அங்கே தங்கச் சட்ட உரிமை இருந்தது என்று தீர்ப்பு சொல்லவில்லை. வெளியேற்ற வேண்டுமானால் அதற்குரிய சிவில் வழியில் போ என்பதே அதன் விளைவு. எந்த நீதிமன்றம் என்ற கேள்வி ஒரு குடும்பத்தின் கூரையைக் காப்பாற்றிய வழக்கு இது. ஆனால் அந்தக் காலத்திலேயே 1948இன் குடியுரிமைச் சட்டம் அதே மக்களில் பெரும்பாலானோரை நாடற்றவராக்கிக்கொண்டிருந்தது.

1950ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கக் கைத்தொழில் பிணக்குகள் சட்டம் சமரசம், நடுத்தீர்ப்பு, கைத்தொழில் நீதிமன்றம் என்ற மூன்று வழிகளைத் திறந்தது. இவை எல்லாம் தொழில் ஆணையாளரும் அமைச்சரும் விரும்பினால் இயங்குபவை. தனி ஆள் கதவைத் தட்ட முடியாது. 1957இன் 62ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் தொழில் நியாய சபைகளை அமைத்தபோது நிலை மாறியது. புதிதாகச் சேர்ந்த 31ஆ பிரிவின்படி, தொழிலாளி தானாகவோ தன் சங்கத்தின் மூலமாகவோ வேலை நீக்கம், பணிக்கொடை முதலியவற்றுக்கு நிவாரணம் கேட்டு விண்ணப்பிக்கலாம். சபை ஒப்பந்தத்தின் சொல்லைப் பிடித்துக்கொண்டிராமல், நீதியும் நியாயமும் எதுவோ அந்தக் கட்டளையை இடலாம்.

அந்தப் பிரிவின் 4ஆம் உட்பிரிவு இந்தக் கட்டுரையின் பொருளோடு நேரடியாகச் சேர்ந்தது. தொழிலாளிக்கும் தொழில்தருநருக்கும் இடையிலான சேவை ஒப்பந்தத்தில் மாறாக என்ன எழுதியிருந்தாலும் சபை நிவாரணம் வழங்கலாம் என்று அது சொல்கிறது. இது இடத்தைப் பற்றிப் பேசவில்லை, நிவாரணத்தைப் பற்றியே பேசுகிறது. ஆனாலும் சட்டம் தந்த சபையின் வாசலை ஒப்பந்தத்தின் ஒரு வரியால் பூட்ட முடியாது என்பது இதிலிருந்து எளிதில் விளங்கும். தோட்டத் தொழிலாளியின் கையில் எழுத்து ஒப்பந்தமே இல்லாததால் இந்த உட்பிரிவு அவரைவிடத் தோட்ட உத்தியோகத்தர்களுக்குத்தான் அதிகம் பயன்பட்டது. கிளார்க்குகள், கண்டாக்குகள், டீமேக்கர்கள், பின்னாளில் துரைமார் கூட நியமனக் கடிதம் பெற்றவர்கள். சபைக்கு வர ஊதிய உச்சவரம்பு எதுவும் இல்லை.

கூடவே இரண்டு கதவுகளை மூடியும் வைத்தது சட்டம். சபையில் விசாரணை நடந்து முடிந்துவிட்டால் அதே விடயத்துக்கு வேறு நீதிமன்றம் போக முடியாது. முதலில் வேறு சட்ட வழியை நாடியவர் பிறகு சபைக்கு வர முடியாது. இதோடு, அதே பிணக்கை அமைச்சர் நடுத்தீர்ப்புக்கோ கைத்தொழில் நீதிமன்றத்துக்கோ அனுப்பியிருந்தால் சபையின் விண்ணப்பம் அங்கேயே நின்றுவிடும். 1971இன் 45ஆம் இலக்க வேலை நீக்கச் சட்டம், ஒழுங்கீனம் காரணமல்லாத ஆட்குறைப்பைத் தொழில் ஆணையாளரின் அனுமதிக்கு உட்படுத்தி மற்றொரு வாசலையும் திறந்தது. எந்த வாசல் என்று தீர்மானிக்க ஒரு தொழிலாளிக்குக் கிடைக்கும் அவகாசம் குறைவு. வேலை நீக்க விண்ணப்பம் ஆறு மாதத்துக்குள் போய்ச் சேர வேண்டும். பிழையான வாசலில் நின்று மாதங்களைப் போக்கினால், சரியான வாசலும் அடைபட்டுவிடும்.

ஹட்டனிலோ நுவரெலியாவிலோ தொழில் நியாய சபை கூடும் ஒரு சாதாரண நாளில் வழக்கு இப்படி நடக்கும். கொழுந்து பறிக்கும் பெண் அன்றைய பேரை இழந்து, சங்கத்தின் தோட்டத் தலைவரோடு பஸ் ஏறி வருவார். அவர் சார்பில் பேசுவது பெரும்பாலும் சங்கத்தின் மாவட்டப் பிரதிநிதி. சட்டத்தரணியாக இருக்க வேண்டியதில்லை என்று சட்டமே அனுமதிக்கிறது. எதிரே தோட்ட நிர்வாகத்தின் சட்டத்தரணி. நிர்வாகம் வேலை நீக்கியதை ஒப்புக்கொண்டால் முதலில் சாட்சியம் தர வேண்டியது நிர்வாகமே. அதனால் பல வழக்குகளில் நிர்வாகம் எடுக்கும் முதல் நிலைப்பாடு, நாங்கள் நீக்கவில்லை, அவராகவே வேலையைக் கைவிட்டுப் போனார் என்பது. அப்போது நிரூபிக்க வேண்டிய சுமை தொழிலாளியின் தலையில் விழும். செக்ரோலில் எந்த நாளிலிருந்து பெயர் விழவில்லை, பெரட்டுக்கு வந்தபோது கணக்கப்பிள்ளை என்ன சொன்னார், கூட நின்றவர் யார் என்று கேள்வி போகும். கூட நின்றவர் இன்னும் அதே தோட்டத்தில் வேலை செய்கிறவர். துரைக்கு எதிராகச் சாட்சி சொல்ல வருவாரா என்பதில்தான் பல வழக்குகள் தோற்றன, வென்றன.

சபைகளின் அதிகாரமே 1960களில் சந்தேகத்துக்கு உள்ளாயிற்று. சபைத் தலைவர்களை நீதிச்சேவை ஆணைக்குழு நியமிக்கவில்லை. ஆகவே அவர்கள் நீதித்துறை அதிகாரத்தைச் செலுத்த முடியாது என்று தொழில்தருநர் தரப்பு வாதித்தது, உள்நாட்டில் வெற்றியும் கண்டது. ஐக்கியப் பொறியியல் தொழிலாளர் சங்கத்தின் வழக்கில் 1967இல் பிரிவிக் கவுன்சில் பெரும்பான்மையாக அந்த வாதத்தைத் தள்ளியது. அந்தச் சங்கம் தோட்டத்தோடு தொடர்பில்லாதது. ஆனால் முடிவு மாறாக வந்திருந்தால் ஹட்டன் முதல் பதுளை வரை தோட்ட வழக்குகள் கட்டோடு சரிந்திருக்கும்.

அக்காலத்துத் தீர்ப்புகளின் தலைப்புகளைப் பார்த்தாலே ஒரு செய்தி தெரியும். கலேபொக்கைத் தோட்டத்துரைக்கு எதிராக இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ். மஸ்கெலியா டீசைட் தோட்டத்துரைக்கும் இலங்கைத் தொழிலாளர் கழகத்துக்கும் இடையில். வட்டகொடை மெதக்கும்புரைத் தோட்டத்துரைக்கு எதிராகத் தோட்ட உத்தியோகத்தர் சங்கம். எதிராளி தோட்டத்துரை, அதாவது அந்த மலையிலேயே பங்களாவில் இருக்கிறவர். உரிமையாளர் கம்பனி லண்டனிலோ கொழும்பிலோ இருந்தாலும் வழக்குத் தோட்டத்தின் பேரில் தோட்டத்தின் அருகே நடந்தது. 1975இல் தோட்டங்கள் அரசுடைமையாகி மக்கள் தோட்ட அபிவிருத்திச் சபை, அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனம் என்ற இரண்டின் கீழ் வந்தபோது எதிராளியின் பெயர் கொழும்புக்கு நகர்ந்தது. 1992இல் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் நிர்வாகம் போனதும் அந்தப் போக்கு நிலைத்தது.

மேன்முறையீட்டின் இடம் எதிர்த் திசையில் நகர்ந்தது. தொடக்கத்தில் சட்டப் பிரச்சினை மீது நேராகக் கொழும்பு உயர் நீதிமன்றத்துக்கு மேன்முறையீடு. 1978இன் அரசியலமைப்புக்குப் பின் மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்கு. 13ஆம் திருத்தம் மாகாணங்களுக்கு மேல் நீதிமன்றங்களை உருவாக்க, 1990இன் 19ஆம் இலக்கச் சட்டம் தொழில் நியாய சபை மேன்முறையீடுகளை அவற்றுக்கு மாற்றியது. அங்கிருந்து உயர் நீதிமன்றத்துக்கு அனுமதியோடு போகலாம். மத்திய மாகாணத் தொழிலாளியின் வழக்கைக் கேட்கும் நீதிமன்றம் இப்படி மலைநாட்டுக்கே வந்தது. தொழில்தருநர் மேன்முறையீடு செய்தால் சபை கட்டளையிட்ட தொகைக்கு ஈடாகப் பிணை கட்டியாக வேண்டும் என்பதும் உதவியாக இருந்தது. நியாயமான விசாரணைக்கு இடையூறு என்றால் வழக்கை ஒரு நீதிமன்றத்திலிருந்து மற்றொன்றுக்கு மாற்ற 1978இன் நீதித்துறைச் சட்டத்தின் 46ஆம் பிரிவு மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. ஆனால் அந்த மனுவைப் போட வேண்டிய இடம் கொழும்பு.

சேமலாப நிதி விடயத்தில் வரைபடம் வேறு. 1958இன் 15ஆம் இலக்க ஊழியர் சேமலாப நிதிச் சட்டத்தின் 38ஆம் பிரிவின்படி, தொழில்தருநர் பணத்தைக் கட்டாவிட்டால் ஆணையாளர் ஒரு சான்றிதழை நீதவானுக்கு அனுப்பி அபராதம் போல வசூலிக்கச் செய்யலாம். எந்த நீதவான்? பாக்கிக்காரரின் கடைசியாக அறியப்பட்ட தொழிலிடமோ வதிவிடமோ எந்தப் பிரிவில் இருக்கிறதோ அந்தப் பிரிவின் நீதவான். தலைமையகம் கொழும்பில் உள்ள கம்பனி இதைக் கொண்டு இடம் தவறு என்று ஆட்சேபிக்கலாம். வேலை நீக்கத்துக்கு ஹட்டனில் கேட்கக் கூடிய அதே தொழிலாளிக்கு, அவரது பணத்தின் வழக்கு எங்கே நடக்கிறது என்பது கூடத் தெரியாமல் போகலாம்.

தொடக்கத்தில் சொன்ன ஒப்பந்த வாசகம் இந்தியாவில் தொழில் வழக்குகளில் வேறு பலத்தோடு நிற்கிறது. 1971இல் ஹக்கம் சிங் வழக்கில், அதிகாரமுள்ள நீதிமன்றங்களில் ஒன்றைத் தெரிவுசெய்யும் வாசகம் செல்லும் என்று இந்திய உச்ச நீதிமன்றம் சொன்னது. 2025 ஏப்ரலில், பாட்னாவிலும் டெல்லியிலும் வேலை செய்த தனியார் வங்கி ஊழியர்கள் நியமனக் கடிதத்தில் இருந்தபடி மும்பாய் நீதிமன்றத்துக்கே போக வேண்டும் என்று அதே நீதிமன்றம் தீர்த்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 1215/2012ஆம் இலக்க ஒழுங்குவிதி இதற்கு நேர் எதிர்: தொழிலாளிக்குப் பாதகமான அத்தகைய வாசகம் பிணக்கு எழுந்த பிறகு ஒப்புக்கொண்டதாக இருந்தால்தான் செல்லும். 1957இல் இலங்கை எடுத்த வழி ஐரோப்பிய வழிக்கே அருகில் நிற்கிறது.

தனி ஆளின் வேலை நீக்கம் இப்படி மலையில் தங்க, எல்லோருக்குமான கூலிப் பிணக்கு கொழும்புக்குப் போய்விட்டது. 1992க்குப் பின் கூலியைத் தீர்மானித்தது தொழில்தருநர் சம்மேளனமும் பெரிய சங்கங்களும் செய்த கூட்டு ஒப்பந்தம். அது பதிவானால் ஒவ்வொரு தொழிலாளியின் வேலை ஒப்பந்தத்துக்குள்ளும் தானாகவே நுழையும். 2019 ஜனவரியில் 700 ரூபா அடிப்படைக் கூலியோடு கையெழுத்தான ஒப்பந்தமே கடைசி. 1,000 ரூபா கோரிக்கையில் பேச்சு முறிந்ததும் விடயம் 1941இன் சம்பள நிர்ணய சபைச் சட்டத்தின் கீழ் போயிற்று. 2021 மார்ச்சில் வர்த்தமானி வந்தது. கம்பனிகள் மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் எழுத்தாணை மனுப் போட்டன. ஏப்ரலில் நீதிமன்றம் இடைக்காலத் தடை தர மறுத்தது. 2024 மே முதலாம் திகதி கொட்டகலைக் கூட்டத்தில் 1,700 ரூபா அறிவிக்கப்பட்டபோதும் கம்பனிகள் மறுபடி நீதிமன்றம் சென்றன. ஜூலை 4ஆம் திகதி உயர் நீதிமன்றம் வர்த்தமானிக்கு இடைக்காலத் தடை விதித்தது. அந்த வர்த்தமானி மீளப்பெறப்பட்டு, செப்டெம்பரில் 1,350 ரூபா நாட்கூலியோடு புதிய வர்த்தமானி வெளிவந்தது.